மேரிக்குத் தெரியும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு காரியம் தப்பாகப் போகிறது என்று தெரிந்தால், அது எதுவரை போகும் என்று வேடிக்கை பார்க்கத் தோன்றும். எழுபதுகளின் நடுவில், காரைக்கால் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த புதிதில், அந்தக் குணம் ஒரு பெண்ணின் தலையில் விடிந்தது.

விழிதியூர்ப் பெண். டவுனில் வீட்டு வேலை செய்தவள். வெள்ளி டம்ளரைக் காணோம் என்று வீட்டுக்காரர் புகார் கொடுக்க, போலீஸ் பிடித்து வந்தது. ஆள் நெடுநெடுவென்று இருந்ததால் வயது பத்தொன்பது என்று எழுதிவிட்டார்கள். பதினெட்டு முடியாதவள் என்றால் சிறுவர் சட்டம். ஜெயிலில் வைக்கக் கூடாது, ஜாமீனில் தாயோடு அனுப்பலாம், விசாரணையையும் இழுக்கக் கூடாது. பத்தொன்பது என்றால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மாஜிஸ்திரேட் தாயைக் கேட்டார்.

"பதினாறு முடிஞ்சு பதினேழு நடக்குதுங்கய்யா. மேரிக்குத் தெரியுங்க. பொறந்த மறுநாளே போயி சொல்லியாச்சு."

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கெல்லாம் மேரி என்றுதான் பேர். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கேதான் பதிவு. மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர்; வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாரோ மருத்துவச்சி என்று நினைத்துக்கொண்டார்.

"அடுத்த வாய்தாவுக்கு அந்த மேரி நேரில் வரட்டும்" என்றார். பதினைந்து நாள் ரிமாண்ட்.

ஆபீஸ் எப்படி நடந்து வரும் என்று தாய் விழித்தாள். கேட்கத் துணியவில்லை.

'மேரி, மருத்துவச்சி, விழிதியூர்' என்று சம்மன் அடித்தது நான்தான். காரைக்காலை அடுத்த சுரக்குடியில் பிறந்தவனுக்கு மேரி தெரியாதா? சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தேன். சேவகர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார், என்ன எழுதித் திருப்புவார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அப்படி ஓர் ஆவல்.

'அப்படி ஒருவரும் ஊரில் இல்லை' என்று பத்தாம் நாள் திரும்பி வந்தது. வாய்தா அன்று ஒரு வக்கீல் குமாஸ்தாதான் விஷயத்தை உடைத்தார். கோர்ட்டே சிரித்தது, மாஜிஸ்திரேட்டும் சேர்ந்து. மத்தியானமே பதிவேடு வந்துவிட்டது. தாய் சொன்ன வயது சரி. ஜாமீன் கிடைத்தது.

பத்திரத்தில் கைநாட்டு வாங்க நான் போனேன். பெண் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, யார் பேசினாலும் திடுக்கிட்டாள். பதினைந்து நாளுக்கு முன் அவள் அப்படி இல்லை.

"தம்பிக்கு எந்த ஊருங்க?" என்றாள் தாய்.

"சுரக்குடி."

"அப்ப ஒங்களுக்கு மேரி தெரிஞ்சிருக்குமே?"

அவள் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.