வாடகைக்கு வந்த வெந்நீர்

இர்யா ஹொன்கனனை யாராலும் ஏமாற்ற முடியாது என்பது கனடாவில் எங்கள் தண்டர் பே ஊரில் பரவலான நம்பிக்கை. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், பிள்ளைகள் பொய்யைத் தொடங்கும் முன்பே கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிடுவார். முட்டை விலை பத்து சென்ட் ஏறினால் கடை மேலாளர் வெளியே வந்து அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ஃபின்லாந்திலிருந்து வந்து காட்டில் மரம் வெட்டியவர். தொழிற்சங்கக் கூட்டங்களில் முதலாளிகளைத் திட்டுவதற்கென்றே ஃபின்னிஷ் மொழியைப் பத்திரமாக வைத்திருந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்மணி, தன் வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்டில் நின்ற ஒரு தகர உருளைக்குப் பதினேழு வருடம் மாத வாடகை கட்டினார்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் மாகாணத்தில் எத்தனையோ வீடுகளில் வெந்நீர்த் தொட்டி வாடகைக்குத்தான் நிற்கிறது. வீட்டை வாங்குகிறோம், கூரையை வாங்குகிறோம், முன்னால் இருந்தவர் விட்டுப்போன திரைச்சீலைகளைக்கூட வாங்குகிறோம். தொட்டி மட்டும் வீட்டோட மாப்பிள்ளையாகக் கீழே முன்பே உட்கார்ந்திருக்கும். அவருடைய செலவு கேஸ் பில்லில் ஏதோ ஒரு மூலையில் வரும். முப்பது டாலர்தானே! கெட்டுப்போனால் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு நம்பிக்கை. கடவுள் நம்பிக்கைக்கும் இதற்கும் ஒரே வேறுபாடு, கடவுள் ஆண்டுதோறும் வாடகையை ஏற்றுவதில்லை.

சென்ற ஜனவரியில், வெளியே மைனஸ் முப்பத்துநான்கு காட்டிய ஒரு காலையில், மாப்பிள்ளை உயிரை விட்டார். அடியில் ஓட்டை. துருத்தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

இர்யாவின் கணவர் டவ்னோ காகித ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஆலை அவருக்கு ஒரு கைக்கடிகாரமும் மூட்டுவாதமும் கொடுத்து அனுப்பியிருந்தது. கடிகாரம் நின்றுவிட்டது. விடிந்ததும் விரல்களை வெந்நீரில் ஊறவைத்தால்தான் அவரால் சட்டைப் பொத்தான் போட முடியும். அன்று குழாயைத் திறந்தவர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கம்பெனிக்கு போன் செய்தார்கள். மதியத்துக்குள் ஆள் வந்துவிட்டான். பெயர் கிரெய்க். தெற்கே டொராண்டோவிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் அனுப்பப்பட்டவன். பணிவு என்றால் அப்படியொரு பணிவு. தொட்டியைப் பார்த்து, துக்க வீட்டுக்கு வந்தவன் போலத் தலையசைத்தான்.

"மேடம், கவலைய விடுங்க. புதுசு வண்டியிலயே இருக்கு. இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா, சாயங்காலம் வெந்நீர். மாட்டுற கூலி கிடையாது!"

"வாடகை?"

"மாசம் நாப்பத்தெட்டு. வருஷா வருஷம் சின்னதா ஒரு ஏத்தம். பத்து வருஷ ஒப்பந்தம்."

இர்யா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப மொத்தம் ஏழாயிரம் பக்கத்துல வருது. பத்து வருஷம் கழிச்சு தொட்டி யாருது?"

"எங்களுதுதான் மேடம்."

"இதுவரைக்கும் ஆறாயிரத்துக்கு மேல கட்டியிருக்கேன். அந்த ஓட்டை யாருது?"

கிரெய்க் சிரித்தான். நல்ல பல்வரிசை. "நீங்க கொடுத்தது தொட்டிக்கு இல்ல மேடம். மனநிம்மதிக்கு."

"என் வீட்டுக்காரர் விரலப் பாரு. நிம்மதியா இருக்கா?"

டவ்னோ கைகளை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார்.

"சரி தம்பி. நான் சொந்தமா வாங்கிக்கிறேன். எங்க பிளம்பர் புதுத் தொட்டி, குழாய் வேலை, எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்ங்கிறான்."

"தாராளமா வாங்குங்க. ஆனா பழச நாங்கதான் கழட்டணும். கழட்டுற கட்டணம் நானூறு. ஹெட் ஆபீஸ்ல கணக்கு முடிக்க மூணு வாரம் ஆகும். அதுக்கு முன்னால வேற ஆள் தொட்டா ஒப்பந்த மீறல்." பிறகு ஜன்னலைப் பார்த்தான், உள்பக்கமே பனி பூத்திருந்தது. "மூணு வாரம், இந்தக் குளிர்ல... யோசிங்க மேடம். ஐயாவோட கைக்காகவாவது."

இதற்குப் பெயர் சுதந்திர ஒப்பந்தம். இரு தரப்பும் சம உரிமையோடு மேசையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். ஒரு தரப்பு விறைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. சந்தையின் பெருமையைப் பாடுகிற பேராசிரியர்கள் ஒருநாள் காலை மைனஸ் முப்பத்துநான்கில் குளிர்ந்த நீரில் முகம் கழுவிவிட்டு அதே பாட்டைப் பாடிக் காட்டலாம்.

"உங்க கம்பெனியில சம்பளம் வாங்காத ஒரு சேல்ஸ்மேன் இருக்காரு தம்பி. அவரு பேரு ஜனவரி" என்றார் இர்யா. "அவர நம்பித்தானே வந்திருக்க?"

கிரெய்க் ஜன்னல் பக்கம் திரும்பினான். கொல்லைப்புறத்தில் பனிக்குள் புதைந்திருந்த மரக் கொட்டகையைப் பார்த்து, பேச்சை மாற்ற முயன்றான். "அதுல என்ன மேடம், பனி தள்ளுற மிஷினா?"

டவ்னோ அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

ஃபின்னிஷ்காரர் வீட்டுக் கொல்லையில் புகைபோக்கியோடு நிற்பது சவுனா என்ற நீராவிக் குளியல் அறை என்பது இங்கே மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். விறகடுப்பு, வியர்க்க உட்காரப் பலகை, அடுப்போடு ஒட்டிய தண்ணீர்த் தொட்டி. கம்பெனியின் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித்தர மறந்துவிட்டார்கள். வெந்நீர் இல்லாத வீடு என்று நினைத்து அவன் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

"மூணு வாரம்தானே. கணக்க முடிக்கச் சொல்லு" என்றார் இர்யா.

இதற்குப் பிறகு வெற்றி முழக்கம் எதிர்பார்ப்பவர்கள் அறுபத்தேழு வயதில் ஒரு தரம் விறகு பிளந்து பார்க்கவும். காலையில் அடுப்பு மூட்டி, தண்ணீர் சுட்டதும் வாளியில் மொண்டு, பனியில் வெட்டிய பாதை வழியே சமையலறைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் வாளி டவ்னோவின் கைகளுக்கு, அடுத்தது பாத்திரங்களுக்கு. பக்கத்து வீட்டு இவெட் வேலிமேல் தலைநீட்டினாள்.

"இர்யா, மாசம் நாப்பத்தெட்டு டாலருக்கா இந்தப் பாடு? நீ என்ன பைத்தியமா?"

"நாப்பத்தெட்டுக்கு இல்லடி. ஏழாயிரத்துக்கு."

"எனக்கெல்லாம் முப்பதுதான்."

"எத்தனை வருஷமா?"

இவெட்டின் தலை வேலிக்குப் பின்னால் மறைந்தது. அன்று மாலை எங்கள் தெருவில் பலர் காரணமே இல்லாமல் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனார்கள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. முதல் மாத வாடகை வேண்டாம் என்றது. அப்புறம் இரண்டு மாதம் வேண்டாம் என்றது. கடைசியில் காப்பிக் கடையில் செலவழிக்க இருபத்தைந்து டாலர் அட்டை தருவதாகச் சொன்னது. ஏழாயிரம் டாலர் அடிமைச் சாசனத்துக்கு இருபத்தைந்து டாலர் காப்பி! மனிதகுலம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது.

இரண்டாவது வாரத்தில் இர்யா வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, தோள் வீங்கியது. கொட்டிய வெந்நீர் அவர் எழுந்திருப்பதற்குள் உறைந்து பாதையைக் கண்ணாடியாக்கிவிட்டது. உள்ளே வந்தால் டவ்னோ தொலைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"அந்தப் பயலுக்குத்தான். என் கைக்காக நீ செத்துத் தொலையணுமா? நான் கையெழுத்துப் போடுறேன்."

"எங்க, பேனாவப் பிடி பாக்கலாம்."

சொன்னபிறகுதான் எவ்வளவு கொடுமையாகச் சொல்லிவிட்டோம் என்று இர்யாவுக்குத் தெரிந்தது. டவ்னோ தன் விரல்களைப் பார்த்தார். அசையவில்லை.

"அப்பப்பா," என்றார் டவ்னோ மெதுவாக, "உங்கப்பன் நாக்கு அப்படியே உனக்கு."

இர்யா வலிக்கிற தோளோடு மறுபடி கொல்லைக்குப் போனார். அரை வாளிதான் தூக்க முடிந்தது. டவ்னோவின் கைகளை அதற்குள் வைத்து, தானும் கையை உள்ளே விட்டு ஒவ்வொரு விரலாக நீவினார். தொலைபேசி மேசையிலேயே கிடந்தது.

கணக்கு முடிய நான்கு வாரம் ஆனது. நானூறு டாலரையும் கறந்துகொண்டுதான் தொட்டியைக் கழற்றினார்கள். பிளம்பர் புதியதைப் பொருத்தினார். கூரைக்கென்று சேர்த்துவைத்திருந்த பணம் அதில் போனது. இந்த வருடமும் மழைக்காலத்தில் மாடியில் ஒரு பக்கம் ஒழுகும். நியாயம் வென்றது என்று நான் எழுதமாட்டேன். சவுனா இல்லாத வீட்டில் இதே கதை முதல் நாள் மாலையே கையெழுத்தோடு முடிந்திருக்கும்.

பிளம்பர் போனதும் டவ்னோ குழாயைத் திறந்தார். ஆவி எழுந்தது. விரல்களைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"எப்படி இருக்கு?"

"ம்ம். சவுனாத் தண்ணிதான் இதமா இருந்துச்சு."

"அப்படியா? வாளி வாசல்லதான் இருக்கு. போய் நீயே தூக்கிட்டு வா!" என்றார் இர்யா.