கேக்கின் அடிப்பக்கம்

இந்த நத்தாருக்குப் பாலன் பிறப்புப் பூசை காண ஊருக்குப் போனவன், திருநாளுக்கு மறுநாள் காலை அக்காவுக்கு உதவி செய்கிறேன் என்று குசினிக்குள் நுழைந்து, இரண்டு துண்டுப் பாணைத் தாச்சியில் வாட்டப் போட்டேன். போட்டுவிட்டு, கனடாவில் என் வீட்டு ரோஸ்டரில் பாண் வாடியதும் தானாகவே துள்ளி வெளியே வரும் கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். கதை நன்றாகத்தான் போனது. பாண்தான் கரியாகிவிட்டது.

"உன்ர வாய் இருக்கிற இடத்தில அடுப்பு இருக்கக் கூடாதடா" என்று அக்கா தாச்சியைப் பறித்துக்கொண்டு போனாள்.

அறுபது தாண்டிய என்னை இப்படிப் பேச உலகத்தில் மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான். ஆகவே நான் கோபிக்கவில்லை. கோபிக்க நேரமும் இருக்கவில்லை. கருகிய பாணின் மணத்துக்குள் மெல்லிய இனிப்பு ஒன்று ஒளிந்திருக்கும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால்தான் பிடிபடும். அவள் கரித்துண்டுகளைக் கொட்டிய பீங்கானை நான் கையில் ஏந்தி, கண்ணை மூடி, அதை மணந்துகொண்டு நின்றேன். அக்கா திரும்பிப் பார்த்து, "வைத்தியரிட்டக் காட்டினனியோ?" என்று கேட்டாள். வைத்தியரிடம் காட்டி ஆகக்கூடியது ஒன்றுமில்லை. உங்களிடம் சொன்னால் கொஞ்சம் ஆறும் என்று நினைக்கிறேன்.

இதே தீவில், நாரந்தனையில், இதே வளவில், முன்பு நின்ற வீட்டில் எங்களிடம் கேக் வேகவைக்கும் போறணை இருக்கவில்லை. பாண் சுடுகிறவரைத் தவிர ஊரில் ஒருவரிடமும் இருக்கவில்லை. அம்மா நத்தார் கேக் சுட்டது ஒரு பெரிய சருவச்சட்டியில். அடியில் கடற்கரை மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, தகர மூடியால் மூடுவாள். மூடியின் மேலே சிரட்டைத் தணல். சட்டிக்குக் கீழேயும் தணல். மறைக்கல்வி வகுப்பில் நரகத்தைப் பற்றிச் சொல்லித் தந்தபோது எனக்கு விளங்குவதற்குக் கொஞ்சமும் கஷ்டம் இருக்கவில்லை. அம்மா வருஷத்துக்கு ஒருமுறை அதைச் செய்து காட்டியிருந்தாள்.

மார்கழியில் வாடைக்காற்றுக்குக் கடல் கலங்கிக் கிடக்கும். அப்பாவை ஐயா என்றே கூப்பிடுவோம்; அவர் தொழிலுக்குப் போகமாட்டார். வீட்டில் சும்மா இருக்கும் மீன்பிடிகாரனைப்போல ஒரு தொல்லை வேறில்லை. அவருடைய தொல்லையிலிருந்து தப்ப அம்மா அவரைத் தணலுக்குப் பொறுப்பாக வைத்தாள். வள்ளத்து இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் என்பதால் ஐயாவும் தன்னை ஒரு பொறியியலாளராகவே கருதி வந்தார். குறட்டால் ஒவ்வொரு தணலாக எடுத்து வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, கடைசியில் வருஷா வருஷம் தவறாமல் கேக்கின் அடியை ஒரு விரல் தடிப்புக்குக் கருக்கி எடுத்தார்.

யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. கேக் ஆறியதும் அம்மா பாண் வெட்டும் கத்தியால் அந்தக் கறுப்பைக் கிடையாக அரிந்து எடுப்பாள். மேல்பாதி கண்ணாடித் தட்டுக்குப் போகும்; அது வருகிறவர்களுக்கு. அடி, மூடி போட்ட பிஸ்கட் தகரத்துக்குப் போகும், அது எங்களுக்கு. நத்தாரிலிருந்து தையில் வரும் மூவிராசாக்கள் திருநாள் வரைக்கும் விடிய எழும்பினால் வெறுந்தேத்தண்ணியும் அடித்துண்டும். அடியில் சீனி உருகி, பிளம்ஸ் வெடித்து, கரியோடு ஒட்டிப் பிசினாகக் கிடக்கும். முதலில் கசக்கும். பிறகு இனிக்கும். பல்லில் ஒட்டியது மத்தியானம் ஓரா மீன் குழம்பும் புட்டும் தின்னும்வரை போகாது.

வருகிறவர்கள் என்றேன். முதல் ஆள் எப்போதும் பக்கத்து வளவு றெஜினா மாமி. ஊரிலுள்ள கேக்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வது அவர். ஒரு துண்டைக் கடித்து, கூரையைப் பார்த்து, நிதானமாக மென்று, அம்மாவிடம் "நல்லாத்தான் இருக்கு, எலிசா. எண்டாலும், வனிலா கொஞ்சம் கூடிப்போச்சு" என்பார். சொல்லிக்கொண்டே மூன்றாவது துண்டை எடுப்பார். அம்மா வனிலாவே விடாத வருஷத்திலும் இதைத்தான் சொன்னார்.

எனக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலை கிடைத்தது. கிடைத்து மூன்று மாதத்துக்குள் நான் பெரிய ஆளாகிவிட்டேன். வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த ஒழுங்கைக்கு எதிரே ஒரு கேக் கடை இருந்தது. அதன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்ப்பது என் மாலைப் பொழுதுபோக்கு. ஒரு நாள் உற்றுப் பார்த்தேன்: உள்ளே வெட்டி அடுக்கியிருந்த கேக் ஒன்றின் அடியிலும் ஒரு கறுப்புப் பொட்டும் இல்லை. அன்றைக்கே அறைக்குப் போய் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். கந்தோரில் பழகிய கையல்லவா? தலைப்பில் "பொருள்: நத்தார் கேக்கின் அடி கருகுதல்" என்று போட்டு, கீழே கோடும் கீறினேன். மேற்படி விடயம் தொடர்பாக, மணலை இரண்டு மடங்காக்கவும், கீழ்த்தணலைப் பாதியாகக் குறைக்கவும் இத்தால் அறிவுறுத்தினேன். வாழ்க்கையில் ஒரு முட்டையாவது உடைத்திராதவன் எழுதிய கடிதம் அது. கீழே முழுக் கையெழுத்து வேறு.

அந்த நத்தாருக்கு வீட்டுக்குப் போனேன். விடிய யாழ்ப்பாணத்தில் ரயிலால் இறங்கி, பஸ் எடுத்து, பண்ணைப் பாலம் கடந்து அல்லைப்பிட்டிக் காற்று முகத்தில் அடித்தபோதுகூட, எனக்கு ஊர் ஞாபகம் வரவில்லை. சப்பாத்தில் மணல் ஏறுமே என்ற கவலைதான் வந்தது. வீட்டில் கேக் தயாராக இருந்தது. ஐயா என் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதிலிருந்து ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார். கேக்கின் அடி மேல்பக்கம் போலவே பொன்னிறம்.

"என்ர பொடியன் எழுதினவன்" என்று அம்மா வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். றெஜினா மாமி துண்டைக் கவிழ்த்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு வனிலாவைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. கேள்விப்பட்டு, அடியைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். பார்த்தவர்கள் சும்மா போவார்களா? நான் முன் விறாந்தையில் கதிரை போட்டு, கால்மேல் கால் போட்டு, கேக் சுடுவதைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். விளக்கத்துக்கு இடையிடையே நானும் தின்றேன். பதினொரு துண்டு என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். ஒன்பது இருக்கும்.

நத்தார் முடிந்து இரண்டாம் நாள் காலை குசினிக்குப் போனேன். ஐயாவும் அக்காவும் பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் தேத்தண்ணி. நான் பழக்கத்தில் பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். உள்ளே நூல் கட்டையும் இரண்டு ஊசியும் கிடந்தன.

"என்னணை, கேக் முடிஞ்சுதோ?"

"முந்தநாளே முடிஞ்சுது" என்றாள் அக்கா.

"நீங்கள் தின்னேல்லையோ?"

அம்மா சருவச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"கருகினாத்தானே மோனை எங்களுக்கு."

குற்றம் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நல்ல துண்டை வீட்டுக்கென்று ஒளித்து வைக்க அவளுக்குத் தெரியாது. அப்படி ஒன்று செய்யலாம் என்பதே அவளுக்குத் தோன்றாது. வருகிறவர்களுக்கு வைக்கக்கூடிய துண்டு வருகிறவர்களுக்குரியது. வைக்க ஏலாததுதான் பிள்ளைகளுக்கு. அந்த ஒரு விரல் கறுப்பில்தான் நாங்கள் இத்தனை வருஷம் நத்தார் கொண்டாடியிருந்தோம். அதைத்தான் நான் கோடு கீறிக் கடிதம் எழுதி இல்லாமல் பண்ணியிருந்தேன்.

அடுத்த வருஷம் பழையபடி செய்யச் சொல்லி எழுதினேன். இம்முறை பொருளும் இல்லை, கோடும் இல்லை. அக்காதான் பதில் போட்டாள்: "அம்மாவுக்கு இனி ஏலாதாம். ஊரெல்லாம் வெள்ளை அடி எண்டு பேராகிப்போச்சு. றெஜினா மாமியே இப்ப உன்ர முறையிலதான் சுடுறா. கருகின கேக்கைக் கண்டால் எலிசாவுக்குக் கை மறந்துபோச்சு எண்டெல்லோ சொல்லுவினம்." ஆக, எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளின் தகரங்களையும் நான் காலியாக்கிவிட்டேன் என்பது விளங்கியது.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, அந்த நத்தாருக்கு நாலு நாள் முன்னரே போய் இறங்கினேன். கேக் சுடுகிற பின்னேரம் ஐயா சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். அம்மாவும் அக்காவும் கிணற்றடியில். நான் சட்டிக்குக் கீழே ஓர் அகப்பைத் தணலைத் தள்ளினேன். கணக்காக ஒரு விரல் கருகினால் போதும் என்பது திட்டம். ஒன்றும் மணக்கவில்லையே என்று இன்னோர் அகப்பை தள்ளினேன். அப்போது மணந்தது.

திட்டமிட்டது ஒரு விரல். வந்தது நாலு விரல். கேக்கின் உயரமே ஐந்து விரல்தான்.

அம்மா கத்தியை வைத்துப் பார்த்தாள். எங்கே அரிவது என்று தெரியாமல் திரும்ப எடுத்தாள். முட்டைக்காக இரண்டு மாதம் கோழிகளுக்குப் பின்னால் திரிந்தவள். "ஆர் தணல் போட்டது?"

"நான்தான். கண் அயர்ந்திட்டன்" என்றார் ஐயா. நித்திரையில் இருந்தவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "உன்ர மூக்கில கிடக்கிறது என்ன சாம்பல்?"

நான் கந்தோரில் பெரியவரிடமே வாய் காட்டுகிறவன். "போன வருஷம் நீங்கள் ஒருத்தரும் தின்னேல்லையேணை" என்று மட்டும் வந்தது.

அவள் கேக்கைத் தட்டோடு தூக்கி அலுமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள்.

நத்தார் அன்று கண்ணாடித் தட்டில் முறுக்கும் பயற்றம் பணியாரமும் இருந்தன. றெஜினா மாமி வந்து, தட்டைப் பார்த்து, அம்மாவைப் பார்த்தார்.

"இந்த முறை கேக் அடிக்கேல்லை. ரவைக்குள்ள வண்டு" என்றாள் அம்மா. கோயிலால் வந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

மாமி மூக்கை நிமிர்த்தினார். "முந்தநாள் கேக் மணந்துதே, எலிசா?"

"அது… பக்கத்து வீடா இருக்கும்."

"பக்கத்து வீடு நான்தானே!"

அக்கா உள்ளே ஓடிவிட்டாள். நான் முறுக்கை வாயில் அடைத்துக்கொண்டேன். மாமி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "ஓம், நான்தான் சுட்டனான். எனக்கும் மறதி" என்று சொல்லி, ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்துக் கடித்தார். அதில் வனிலா கூட என்று சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அம்மா குசினிக் கதவின் கொளுவியைப் போட்டாள். அலுமாரிக் கேக்கை எடுத்து எங்களுக்கு வெட்டினாள். கரியைச் சுரண்டினோம், தேத்தண்ணியில் தோய்த்தோம், தின்றோம். வெளியில் யாரோ கூப்பிட்ட சத்தம் கேட்டது. அம்மா உதட்டில் விரலை வைத்தாள். களவெடுத்த பிள்ளைகளைப்போல நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம்; ஐயாவுக்குத்தான் சிரிப்பை அடக்க ஏலாமல் கண்ணீர் வழிந்தது. அப்போதுதான் நான் கவனித்தேன்: அம்மாவின் கையிலும் ஒரு துண்டு. அம்மா கேக் தின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடித்து, கூரையைப் பார்த்து, நிதானமாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. எண்டாலும், வனிலா கொஞ்சம் கூடிப்போச்சு."

சண்டை தொடங்கி, அதற்கு அடுத்த நத்தாருக்குப் பாதை இல்லை. பிறகு தீவுச் சனமே எழும்பிப் போனது. அம்மாவும் ஐயாவும் திரும்பி வரவில்லை. இருவரும் வவுனியாவில் ஒரே சேமக்காலை மண்ணுக்குள் இருக்கிறார்கள். அக்கா மட்டும் வந்து இந்த வளவில் வீடு கட்டினாள். பிரான்சிலிருந்து மகள் அனுப்பிய காசில் மின்சாரப் போறணையும் வாங்கினாள். இந்த வருஷக் கேக்கின் அடி வெள்ளவத்தைக் கடைக் கேக்கையும் தோற்கடிக்கும். நத்தார் அன்று பூசை முடிந்து வந்ததும் அவள் தட்டில் துண்டுகளை அடுக்கி, துணியால் மூடி, முன் மேசையில் வைத்தாள். படலையைத் திறந்து விட்டாள். மத்தியானம் துணியைத் தூக்கிப் பார்த்தாள். பின்னேரமும் பார்த்தாள். மாமியின் வளவில் கிணறு மட்டும்தான் இப்போது. மற்ற வளவுகளில் அதுவும் பற்றைக்குள். மூன்று வேளையும் நானும் அவளும் மேல்பாதித் துண்டாகவே தின்றோம். அலுத்துப்போய்விட்டது.

நான் பாணைக் கருக்கிய அன்று, பத்து மணி போல, மின்சார மீற்றர் பார்க்கிற பொடியன் சைக்கிளில் வந்தான். அக்கா அவனைப் பிடித்து முன் கதிரையில் இருத்தி, தட்டை நீட்டினாள். ஒன்று எடுத்தான். இன்னொன்றும் எடுக்கவைத்தாள். மூன்றாவதையும் கையில் திணித்தாள். அவன் கூச்சத்தோடு எழும்பப் பார்த்தான்.

"இருமன் தம்பி, என்ன அவசரம்? மற்ற வீடுகளுக்கும் போகவேணுமோ?"

"இல்லையக்கா" என்றான் அவன், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. "இந்த ஒழுங்கையில உங்கட மீற்றர் ஒண்டுதான்."

அக்கா நாலாவது துண்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.