சடையண்ணன் டிராக்டருக்குக் கரண்ட் பார்த்த கதை

இன்ஜின் ரிப்பேர் தொழிலில் பாதி நேரம் கயிறு இழுப்பதில் போகும். மீதி நேரம், இழுத்தும் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வண்டிக்காரருக்கு விளக்குவதில் போகும். தோள்பட்டை கழன்றுபோக இழுத்துவிட்டு, பெட்ரோல் குழாயையே திறக்கவில்லை என்று கடைசியில் கண்டுபிடித்தவர்களே, நீங்கள் எல்லாம் என் கட்சி. இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போதே தரமாட்டேன். எங்களோடு கொஞ்சம் கயிறு இழுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

எந்தக் கரண்ட்?

பரீட்சை லீவுக்குத் திண்ணனூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர் சேர்ந்தால் ஒரு நாடு) எங்கள் மாமாவின் பட்டறையில் நிற்கிறேன். மருந்தடிக்கிற மிஷின், மரம் அறுக்கிற மிஷின், தண்ணீர் இறைக்கிற இன்ஜின் எல்லாம் வரும். இந்த முறை எடப்புளி நாட்டுச் சடையண்ணன் தன்னுடைய குட்டி டிராக்டரைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏதோ எஸ்டேட்டில் தோட்டத்துக்கு வைத்திருந்து கழித்துவிட்ட பழைய பெட்ரோல் வண்டி. பெரிய டிராக்டர் திரும்பவே முடியாத அவருடைய மேட்டுத் துண்டுகளில் இது ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுமாம். கோடை மழை பெய்துவிட்டது, குச்சிக்கிழங்கு நட உழுதாக வேண்டும், வண்டியோ அசையவில்லை. அவர் வீட்டுக்கார அம்மா பாப்பாத்தி அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்களாம்: வருகிற பேளுக்குறிச்சிச் சந்தை நாளுக்குள் ஓடினால் வீட்டுக்கு வரும், ஓடாவிட்டால் சந்தைக்குப் போகிற டெம்போவில் ஏறிப் பழைய இரும்புக்குப் போகும்.

மாமா பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இன்ஜின் உடம்பில் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தார். பிளக் நுனியில் நீலமாக ஒரு பொறி பறக்க வேண்டும். பறக்கவில்லை. கரண்ட் வரவில்லை என்றார். தங்கள் வீட்டிலும் காலையிலிருந்து வரவில்லை என்று சடையண்ணன் அவருக்கு ஆறுதல் சொன்னார். இது அந்தக் கரண்ட் இல்லை, கயிறு இழுத்தால் இன்ஜின் தானே உண்டாக்கிக்கொள்கிற கரண்ட் என்று மாமா பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சடையண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"அப்ப இதுக்கு மட்டும் பில்லு வராதுங்களா?"

கம்பளிக்குள்ளே

வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்று மாமாவுக்குச் சந்தேகம். ஒரு கம்பளியைக் கொண்டுவரச் சொல்லி, இன்ஜினையும் தன் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டார். பக்கத்தில் சடையண்ணனும் தலையை நுழைத்துக்கொண்டார். வெளியே இரண்டு முதுகு மட்டும் தெரிகிறது. கயிறு என் கையில். இப்படி ஒரு வாய்ப்பைக் கடவுள் எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சடையண்ணன் குரலில், "தெரியுதுங்க, நல்லா நீலமாத் தெரியுதுங்க" என்றேன். எங்கே தெரிகிறது என்று மாமா உள்ளேயே தடவத் தொடங்கினார். இன்னொரு இழுப்பு. "உங்க மூக்குக்குக் கீழங்க." கம்பளி கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குலுங்கியது. பிறகு மாமா வியர்வையோடு வெளியே வந்து, இல்லாததை இருக்கிறதென்று சொன்னால் எப்படி வேலை பார்ப்பது என்று சடையண்ணனிடம் குறைபட்டுக்கொண்டார். சடையண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் வாயே தொறக்கலீங்க. தொறந்தா கம்பளி நாத்தம் உள்ள போயிருமேன்னு மூடியில்ல வெச்சிருந்தேன்."

அதாவதுங்க

பிளக்கை மாற்றினோம். ஒயரை மாற்றினோம். ஆஃப் பண்ணுகிற சுவிட்சின் ஒயர் எங்காவது உடம்பில் உரசுகிறதா என்று பார்த்தோம். கரண்ட் வரவில்லை. பொறிக்குக் கரண்ட் அனுப்புகிற காயில் ஒன்று புதிதாக வாங்க மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் பட்டறையில் விட்டுப்போன போன் அடித்தது. பாப்பாத்தி அக்கா.

மாமாவின் குரல் ரொம்பச் சுலபம். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்கும் முன் ஒரு 'அதாவதுங்க' போட்டால் போதும். டெம்போவுக்குச் சொல்லிவிடட்டுமா என்று அக்கா கேட்டார்கள். அந்த நேரம் சடையண்ணன் டிராக்டரின் சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடாத வண்டியின் சீட்டை எதற்குத் துடைக்கிறாரோ. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொல்லிவிட்டேன்: "அதாவதுங்க, நாளைக்குச் சாயந்தரம் ஓட வெச்சுக் குடுத்தர்றேனுங்க." சரி, நாளைக்கு டெம்போவோடவே வந்து பார்க்கிறேன் என்று அக்கா போனை வைத்துவிட்டார்கள்.

மாமா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டார். திட்டவில்லை. புதுக் காயிலை என் கையில் வைத்தார், கயிற்றையும் வைத்தார்.

"என் கொரல்ல வாக்குக் குடுத்தயில்ல, இப்ப உன் கையாலயே இழு."

புகை இல்லாமல்

புதுக் காயிலுக்கும் அது மசியவில்லை. மறுநாள் சாயந்தரத்துக்கு முன்பே டெம்போ வந்து பட்டறை முன்னால் நின்றது. அக்கா இறங்குவதற்குள் நான் கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். கொஞ்ச நேரம் கிடைத்தால் மாமா ஏதாவது செய்வார் என்று ஒரு நம்பிக்கை. தொண்டையிலிருந்து இன்ஜின் சத்தத்தை எடுத்தேன். முதலில் இரண்டு செருமல், அப்புறம் டொக், டொக், டொக்டொக்டொக் என்று நன்றாகவே பிடித்தது.

வாசலில் அக்கா, பரவாயில்லையே என்று டிரைவரிடம் சொன்னது கேட்டது. டீ குடிக்கப் போயிருந்த சடையண்ணன் கிளாஸோடு ஓடிவந்தார். வந்து, கொட்டகைக்குள் அசையாமல் நிற்கிற வண்டியைப் பார்த்தார். பின்பக்கம் எட்டி என்னைப் பார்த்தார். கிளாஸைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தார். எனக்கு அதற்கு மேல் சத்தம் எழும்பவில்லை. அக்கா கொட்டகையைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார்கள்.

"ஏ கண்ணு, சத்தம் நல்லாத்தான் இருக்குது. எங்க காட்டையும் நீயே உழுது குடுத்துரு."

உசிர் இருக்கிற இடம்

டிரைவர் கிழங்கு மூட்டைகளை நகர்த்தி டெம்போவில் இடம் பண்ணிக்கொண்டிருந்தார். மாமா கடைசி வேலையாக இன்ஜினின் காந்தச் சக்கரத்தைக் கழற்றினார். அதற்குள்ளேதான் பாயிண்ட் இருக்கிறது. சேர்ந்து சேர்ந்து பிரிகிற இரண்டு சின்ன உலோகப் பொட்டு; அவை பிரிகிற நொடியில்தான் பிளக்கில் பொறி பறக்கும். போன வருஷம் தானே தேய்த்து மாட்டியது என்பதால் மாமா அதன் மேல் சந்தேகமே படவில்லை. இப்போது பார்த்தால் இரண்டுக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. மாமா சுரண்டி முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். சந்தனம்.

ஆயுத பூஜை அன்று சக்கரத்தில் இருக்கிற ஓட்டை வழியாக ஈர்க்குச்சியில் தொட்டு வைத்தாராம் சடையண்ணன். அதற்குப் பிறகு வண்டியை எடுக்கவே இல்லை. எதற்காக அங்கே போய் வைத்தீர்கள் என்று மாமா கேட்டார்.

"நீங்கதானுங்க சொன்னீங்க, பாயிண்டுதான் இன்ஜினுக்கு உசிருன்னு. உசிருக்கு வெக்காம டயருக்கு மட்டும் வெச்சா நல்லாவாங்க இருக்கும்?"

யாரு?

மாமா உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்து, பெட்ரோல் தொட்டுத் துடைத்து, சக்கரத்தை மாட்டினார். பிளக்கைச் சாய்த்து இழுத்தோம். கம்பளியே வேண்டியிருக்கவில்லை, நீலமாகப் பளிச்சென்று வெட்டியது. கயிறு இழுக்கச் சடையண்ணனை விட்டுவிட்டு, பாப்பாத்தி அக்காவை அழைத்துவர என்னை அனுப்பினார்.

அக்கா எதிர் டீக்கடை பெஞ்சில், பட்டறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என் கையில் சூடாக ஒரு போண்டாவைக் கொடுத்தார். முழுசாக வாயில் போட்டேன், அது நாக்கைச் சுட்டது, மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னால் டொக், டொக், டொக்டொக்டொக் என்று பிடித்துக்கொண்டது. அக்கா திரும்பவே இல்லை. போதும் கண்ணு, தொண்டை கட்டிக்கும் என்றார்கள். சத்தம் நிற்கவில்லை. சொன்னாக் கேக்க மாட்டயா என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டு, டீ கிளாஸை எடுக்க நிமிர்ந்தார்கள். எதிரே நான். கன்னம் இரண்டும் உப்ப, வாய் மூடிக்கிடக்கிறது.

அக்கா என் வாயையே பார்த்தார்கள். "அப்ப அங்க கத்தறது யாரு?"

மெதுவாகத் திரும்பினார்கள். பட்டறை முன்னால் புகைக்கு நடுவே சடையண்ணன் டிராக்டர் மேல் உட்கார்ந்து, இருக்கிற கொஞ்ச இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தோள் குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்புறம் டிரைவரிடம் சொன்னார்கள்:

"தம்பி, நீ மூட்டையோட கெளம்பு. இது நெசமாலுமே அதுதான் கத்துது."

ஆக, அன்பர்களே, ஓடாத இன்ஜினை ஓட வைப்பதைக்கூட ஒரு உப்புத்தாளில் முடித்துவிடலாம், ஓடுகிற இன்ஜினை ஓடுகிறது என்று நம்ப வைக்கத்தான் வாயில் ஒரு முழு போண்டா தேவைப்படுகிறது.