சார்ஜன் ஓடிப்போன ஞாயிற்றுக்கிழமை

அகலமான அலுமினியத் தட்டில் விரற்கடை உயரத்துக்கு மாவு பரப்பியிருக்கும். மாவுக்கு அடியில் அங்கங்கே கொண்டைக்கடலை புதைந்து கிடக்கும். ஒரு பொம்மை டாங்கியின் முன்னால் வளைத்த முள்கரண்டியைக் கட்டி, அந்த மாவின் மேல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார் சார்ஜன். கரண்டி கடலைகளைத் தோண்டி இரண்டு பக்கமும் ஒதுக்கிவிடும். அது போன தடத்திலேயே இன்னொரு பொம்மை வண்டி பின்னால் வரும். கண்ணிவெடி புதைத்த நிலத்தைக் கவச வண்டிகள் எப்படிக் கடக்கின்றன என்பதை, கெலாங் பாத்தாவில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படித்தான் நான் தெரிந்துகொண்டேன். படம் பிடிப்பது என் வேலை. "இந்த மாவுலயே முறுக்கு சுட்டு உங்க ராணுவத்துக்கு அனுப்பி வைக்கிறேன், இருங்க" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுப்பார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் குரலை வெட்டிவிடட்டுமா என்று கேட்டால், "இருக்கட்டும், ஜனங்க சிரிக்கட்டும்" என்பார் சார்ஜன்.

நான் ஜொகூர் பாருவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொடுக்கிறவள். ராணுவப் பொறியாளர் படையில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வுபெற்ற இந்த மனிதர் ஒருநாள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு என் கடைக்குள் வந்தார். அறுபதாம் கல்யாணமாக இருக்கும் என்று நினைத்துத் திறந்து பார்த்தால் சேறு, புகை, நடுவில் ஒரு டாங்கி. "அலமாக், இது என்னா கல்யாணம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சாயங்காலம் அவருடைய யூடியூப் நேரலைக்கு நான்தான் எல்லாம்.

போர் வீடியோக்களுக்குப் பின்னணியில் மேளம் போட்டு, தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சார்ஜனுக்கு மேளமும் இல்லை, விளம்பரமும் இல்லை. எந்த நாட்டுக்கும் அவர் கொடி பிடித்ததில்லை. யாரிடமும் கை நீட்டாமல் பேசுகிறோம் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பெருமை. வண்டி வெடிப்பதற்கு முந்தின நொடியில் படத்தை நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஓட்ட மாட்டார். "உள்ள ஒரு வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கு தங்கச்சி. அது சாவுறத நாம எதுக்கு தே தாரேக் குடிச்சுக்கிட்டுப் பார்க்கணும்?" என்பார். முன்னால் போகிற வண்டி அடிபட்டதும் பின்னால் வருகிறவன் பதறிப்போய் ஓரமாகத் திருப்புவான், அங்கேதான் அடுத்த வெடி காத்திருக்கும், அப்படியே நின்று, வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும் என்று வாராவாரம் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப் போயிற்று. இன்னொன்று, தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுவார். "தெரியாதுன்னு கேக்கவா, சார்ஜன், ஆளுங்க சானல் பார்க்குறாங்க?" என்று ஒருமுறை சீண்டினேன். "வேற யாரும் சொல்ல மாட்டேங்குறாங்களே லா" என்றார்.

அந்த நாள்களில்தான் என் மகன் அமைதிப் படையோடு வெளிநாடு போனான். அவனும் ராணுவத்தில் கவச வண்டி ஓட்டுநர். தினம் ஒரு படமாவது அனுப்பிவிடுவான்: வண்டியோடு சாய்ந்துகொண்டு, வெயிலில் கறுத்து, பல் மட்டும் தெரிய. வந்ததும் சார்ஜனிடம் காட்டுவேன். திடீரென்று சில நாள்களாக ஒன்றும் வரவில்லை. அங்கே லைன் கிடைத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சார்ஜன் வீட்டில் விளக்குகளை மாட்டிக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு வண்டி நிற்கிறது, பின்னால் வந்தது விலகித் திரும்புகிறது, மண் எழும்புகிறது. அதற்குக் கீழே, 'நம் நாட்டுப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்வோம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். "அண்ணி, இது நம்ம பையன் இருக்குற ஊரா?" என்று கேட்டிருந்தாள். என் கணவர் சிகாமட்டுக்கு பஸ் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்; வண்டி ஓட்டுகிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? கைப்பேசியை அப்படியே சார்ஜனிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் படத்தை நிறுத்தவில்லை. வெடித்த பிறகும் ஓடவிட்டு, மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். என் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு, நான் பார்க்க வேண்டியதை எனக்காக அவர் பார்த்தார். பிறகு திரும்பி, "இது சங்கிலிச் சக்கர வண்டி. உன் மகன் படத்துல இருக்கறது ரப்பர் டயர். இது அவன் வண்டி இல்ல, தங்கச்சி" என்றார்.

"அப்ப அவன் நல்லாத்தானே இருக்கான்?"

"அது எனக்குத் தெரியாது."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில இருக்குற முத்தா உதிர்ந்திடும்?" என்று கத்தினேன். அக்கா ஓடி வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். சார்ஜன் கோபப்படவில்லை. "சொல்லலாம்மா. ஆனா நான் ஒரு பொய் சொன்னா, அந்த வண்டி பத்தி சொன்னதயும் நீ நம்ப மாட்டே. அது அவன் வண்டி இல்ல. அது நிச்சயம். இப்போதைக்கு அதக் கெட்டியாப் பிடிச்சுக்க" என்றார். அந்த ஒரு நிச்சயத்தை வைத்துக்கொண்டுதான் அன்று நான் மூச்சு விட்டேன். அதற்கு நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லி முடிப்பேனோ தெரியாது.

இதற்குள் நேரலைக்கு நேரமாகிவிட்டது. அதுவரை நாங்கள் கண்டிராத கூட்டம் காத்திருந்தது. 'நம்ம வண்டியா சார்ஜன்? சொல்லுங்க சார்ஜன்' என்று கேள்வி மேல் கேள்வி. வேறொரு சானலில் ஒருவர் மேளத்தோடு ஆரம்பித்து, உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சார்ஜன் 'இன்று நிகழ்ச்சி இல்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டு விளக்கை அணைத்தார். நான் மகனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், லைன் போகவில்லை. சார்ஜன் படையில் இருக்கும் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா பாலில்லாமல் போட்டு வைத்த தே ஓ ஆறிப்போயிற்று. ஆறுதல் என்று அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்தும் போகவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. "அம்மா, இங்க லைன் போயிடுச்சும்மா. ஏன் எல்லாரும் இத்தன தடவ கூப்பிட்டிருக்கீங்க?" என்றான் என் மகன். நான் கைப்பேசியைச் சார்ஜனிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் காதில் வைத்து அவன் குரலைக் கேட்டுவிட்டு அக்கா பக்கம் நீட்டினார். கடைசியில் அக்காதான் வாங்கி, "ஒண்ணுமில்லய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்த வீடியோ வேறு ஏதோ நாட்டில் எப்போதோ எடுத்தது என்று பிற்பாடு தெரிந்தது.

ஆனால் பார்வையாளர்கள் சும்மா விடவில்லை. 'பயந்து ஓடிட்டார்' என்று எழுதினார்கள். 'யாரோ வாங்கிட்டாங்க, வாயை மூடிட்டார்' என்று எழுதினார்கள். பச்சைத் தண்ணிகூட யாரிடமும் ஓசியில் வாங்காத மனிதரை! நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் துள்ளினேன். "உன் மகன் இன்னும் அங்க வேலையில இருக்கான். அவன் அம்மா அழுதத ஊருக்கு எதுக்குச் சொல்லணும்? என்னத் திட்டிட்டுப் போறாங்க, விடு" என்று தடுத்துவிட்டார். கூட்டம் குறைந்துகொண்டே போனது. அவர் பாட்டுக்கு மாவைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

என் மகன் முழுசாகத் திரும்பி வந்தான். ராணுவத்தை விட்டுவிட்டு இப்போது சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். சார்ஜனும் கண் பார்வை மங்கியதால் சானலைப் போன மாதம் மூடிவிட்டார். நன்றி சொல்லி அவர் போட்ட கடைசி வீடியோவுக்குக் கீழேயும் ஒருவர், 'அன்னைக்கு ஓடிப்போனவர்தானே நீங்க?' என்று கேட்டிருக்கிறார். இதைப் படித்தால் சார்ஜன் போன் அடித்து, யார் உன்னை எழுதச் சொன்னது என்று திட்டுவார். திட்டட்டும்.

அவர் ஓடவில்லை, ஐயா. ஊரே அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்த சாயங்காலத்தில் அவர் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒருத்தி நான்தான்.