அப்பாவின் டிரிம்மரும் ஹைட்ரேஞ்சியாவும்

வாசலில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. அடுப்பிலிருந்த டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சத்தம் அது.

அப்போது அப்பா வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தார். நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியான டிரிம்மர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கல்யாண வீட்டில்கூட, பக்கத்தில் இருப்பவர் காலரில் நூல் தொங்கினால் வெட்டிவிடுவார்.

அந்த வருஷம் ஊட்டிக்குப் போனபோது, அங்கே ஹைட்ரேஞ்சியா செடி ஒன்று மரம்போல் ஒற்றைத் தண்டில் நின்று, உச்சியில் நீலப் பந்துகளாகப் பூத்திருந்தது. நான் அழுத அழுகையில் அப்பா ஒரு நாற்று வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கிணற்றில் சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்திருந்ததால் குடிதண்ணீரையே ஊற்றினேன். அப்பா நாற்றைப் பனியன் துணியால் குச்சியோடு கட்டி, ஒற்றைத் தண்டாக வளர பக்கக் கிளைகளை நறுக்கினார். அதோடு விட்டாரா? ஞாயிறுதோறும் உச்சியையும் உருண்டையாக வெட்டினார். நான்கு வருஷத்தில் ஒரு பூகூட இல்லை.

"பூக்கவே மாட்டேங்குதுங்கப்பா."

"மொதல்ல நீட்டா இருக்கட்டும் கண்ணு."

பல வருஷம் கழித்து, காரணத்தைப் போன வருஷம் நர்சரிக்காரர்தான் சொன்னார்: "நுனிய வெட்டீராதீங்க, மொட்டு அங்கதானுங்க வரும்." புதுச் செடி வாங்கி வாசலில் வைத்தேன். அப்பாவிடமும் நூறு தடவை சொன்னேன். நேற்றுத்தான் முதல் மொட்டு வந்தது.

நான் ஓடிப்போனபோது வாசலில் அப்பா டிரிம்மரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். காலடியில் பச்சை மொட்டு கிடந்தது.

"ஒன்னே ஒன்னு நீட்டிட்டு இருந்துச்சு கண்ணு," என்றார். "இப்பப் பாரு, எவ்வளவு நீட்டா இருக்குதுன்னு!"