மூன்று விரலால் பேஸ் கிட்டார் வாசித்த எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் மறைந்து ஒரு வருடம் நிறைகிறது. அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது அண்ணி என்னைக் கைகாட்டிவிட்டார். "நீங்களே எழுதுங்க. இந்த ஊட்டுல உங்களுக்குத்தான் வாய் நீளம்" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணன் கணியூரில் பிறந்தார். கிணறு வற்றிய பிறகு அப்பா எங்களை அழைத்துக்கொண்டு அருள்புரத்துக்குக் குடிவந்தார். அண்ணன் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தார். சில வருடங்களில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின்களைச் சரிசெய்யும் மெக்கானிக் ஆனார். என்னைக் கல்லூரியில் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். மூத்தவர் செய்ய வேண்டியதை எல்லாம் முகம் சுளிக்காமல் செய்தார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, பேஸ் கிட்டார்.

கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஒரு மெல்லிசைக் குழு வந்திருந்தது. எல்லோரும் பாடகியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பின்னால் நின்று நீளக் கழுத்துக் கிட்டார் வாசித்தவரையே பார்த்திருக்கிறார். அடுத்த பொங்கலுக்குள் கோயம்புத்தூரில் இருந்து பழைய பேஸ் கிட்டார் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் தடித்த கம்பிகள் நாலுதான். பாட்டின் ராகத்தை அது வாசிக்காது, அடியில் இருந்து பாட்டைத் தாங்கும். அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"என்னத்தடா கண்ணு வாசிக்கிற, ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே?" என்பார்.

"காதுல கேக்காதுங்கப்பா. வயித்துல தட்டுமுங்க" என்பார் அண்ணன்.

"வயித்துல தட்டறதுக்கு டாக்டர்கிட்டப் போனாப் போதாதா?" என்று அப்பா எழுந்து போய்விடுவார்.

ஆயுத பூஜைக்கு வந்த அந்தக் குழுவிலேயே அண்ணன் சேர்ந்துவிட்டார். ஐந்து கம்பி பேஸ் வந்த புதிது. இளவட்டங்கள் எல்லாம் கட்டைவிரலால் கம்பியை அறைந்து படபடவென்று வாசித்துக் கைதட்டல் வாங்கினார்கள். அண்ணன் அசையவில்லை. நாலு கம்பியே போதும் என்பார். பிக் என்கிற மீட்டு வில்லையைப் பிடிக்க மாட்டார், ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மாற்றி மாற்றி மீட்டுவார். கம்பியைச் சீக்கிரம் மாற்றவும் மாட்டார். புதுக் கம்பி கிணுகிணுக்கும், பழகின கம்பிதான் பாட்டுக்கு அடங்கி நிற்கும் என்பது அவர் கட்சி. பழைய பாடல்களுக்கு மட்டும், டி-சர்ட் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் ஒரு துண்டை மடித்துக் கம்பிகளுக்கு அடியில், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் ஓரமாகச் செருகிவிடுவார். ஒலி இழுக்காமல் 'தொம் தொம்' என்று அளவாக விழும். அப்பேர்ப்பட்ட ரசனைக்காரர் சட்டைக்குப் பொருத்தமாக ஒரு பேன்ட் போட்டு நான் பார்த்ததில்லை.

என் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் அந்த விபத்து நடந்தது. மெஷின் பெல்ட்டில் சிக்கி, இடது கை மோதிர விரலின் மேல் கணு போய்விட்டது. ஓடுகிற மெஷினில் கைவைத்தது தன் தப்பு என்று அவரே சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரு விரலோடு போயிற்றே என்று ஆறுதல் சொன்னார்கள். கிட்டாரின் கழுத்தில் கம்பியை அழுத்திப் பிடிப்பது இடது கைதான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அந்தக் கை இனிமேல் வாசிக்குமா, அதைச் சபையில் நீட்ட முடியுமா என்பதே அவருடைய கவலை. எங்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. பேசும்போதெல்லாம் இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டதில் தெரிந்தது.

காயம் ஆறியதும் கிட்டாரைத் தன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்ற உட்கார்ந்தார். மெல்லிய கம்பிகளாகப் பார்த்து வாங்கினார், அழுத்த லேசாக இருக்குமே என்று. அப்புறம்தான் மெக்கானிக் புத்தி வேலை செய்தது. ஓவர்லாக் மெஷினில் ஊசிக்கும் அதன் பின்னால் நூலை வாங்கும் லூப்பருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்றே தெரியக்கூடாது. அதே கணக்கில், கம்பிகளைக் கழுத்தின் மேலேயே படுக்கவைத்துவிட்டார். கழுத்து வளையாமல் இருக்க அதற்குள் ஓடும் இரும்பு ராடையும் மெஷின் போல்ட் மாதிரி இறுக்கு இறுக்கென்று இறுக்கினார். கம்பியைத் தொட்டால் தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டது போல ஒரே கரகரப்பு. அதற்கும் மருந்தாக இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கழுத்து பின்பக்கமாக வளைந்து, இருந்த நாதமும் போயிற்று.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு அந்த ராடைத் திருப்பும் ஆலன் கீயை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பினார், வைத்துவிட்டார். மரம் இளகட்டும் என்று மறுநாள் வரை தொடவில்லை. அடுத்த நாளும் அப்படியே கொஞ்சம். பிரிட்ஜில் கம்பிகளையும் ஏற்றினார். ஒருநாள் காலையில் சமையல் அறைக்கு வந்து, "அம்மிணி, ஊசிக்கு எடம் குடுத்தாத் தையல் வுட்டுப்போகும். கம்பிக்கு எடம் குடுக்கலீன்னா சத்தமே வராது. இது தெரியாம எத்தன நாளப் போக்கிட்டேன் பாரு" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று மூன்றைக் கொண்டு வாசிக்கப் பழகினார். குட்டையான மோதிர விரல் சுண்டுவிரலுக்கு முட்டுக்கொடுத்தது. விரலை எட்டிவைக்க முடியாத இடத்துக்குக் கையையே நகர்த்தினார். ஆளுயர டபுள் பேஸ் வாசிக்கிறவர்கள் கீழ்ச் சுரங்களுக்கு இப்படித்தான் விரல் வைப்பார்கள் என்று யாரோ பிற்பாடு சொன்னபோது, "பாத்தீங்களா, முறையாத்தான் கெட்டிருக்கேன்" என்றார். ஆனாலும் மேடையில் கீபோர்டுக்குப் பின்னால், கை தெரியாத இடமாகப் பார்த்தே நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதும் குறும்பு போகவில்லை. "இந்த ஃபேன் சுருதி சேரலீங்க சிஸ்டர்" என்று நர்ஸைச் சிரிக்கவைத்தார். மறுநாள் காலையில் அண்ணி காபி வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த நேரத்தில் ஓடிவந்த கம்பெனித் தோழர்களுக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், காரியம் முடியும்வரை அடுப்புப் பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விரல் போன பிறகும் அண்ணன் இடத்தில் வேறு ஆள் போடாமல் காத்திருந்த இசைக்குழுத் தலைவருக்குத் தனியாக நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கைகோர்வை என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தவரும் எதிரெதிரே உட்கார்ந்து கைகோத்துக்கொள்ள, மங்கல வாழ்த்துப் பாடுவார்கள். என் கல்யாணத்தில் அண்ணன் வந்து உட்காரப் போனபோது பெரியப்பா தடுத்தார்.

"கொறை இருக்கற கைய வெச்சுச் சீர் பண்ண வேண்டாம் சாமி. எம்பட பையன் உக்காரட்டும்."

பெரியப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு நல்லது என்று நினைத்தே சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க பெரியப்பா" என்று அண்ணன் கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை பேசினார்.

"ஏனுங்க மாமா, பொண்ணோட அண்ணன் அவருங்க. அவர நிக்க வெச்சுட்டு வேற ஆளு கையப் புடிச்சு நான் என்னங்க பண்றது? வாங்க மச்சான், உக்காருங்க."

அண்ணன் உட்கார்ந்து வலது கையை மட்டும் நீட்டினார்.

"அந்தக் கையுந்தானுங்க மச்சான்."

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் கொடுத்தார். பெரியப்பா வாழ்த்துப் பாடுகிறவர் பக்கம் திரும்பினார். பிறகு அவரே, "செரி செரி, நேரமாவுது, பாட்ட ஆரம்பிங்க" என்றார்.

அன்று மாலை வரவேற்பில் அவர் குழுவின் கச்சேரிதான்; அண்ணன் கீபோர்டுக்குப் பின்னால் போகவில்லை. மேடையின் முன்வரிசைக்கு வந்து, அத்தனை சனத்துக்கும் இடது கை தெரிய நின்று வாசித்தார். அதற்குப் பிறகு கடைசிவரை எந்த மேடையிலும் அவர் பின்னால் நிற்கவில்லை.

இதை என் கணவரிடம் நேரில் சொன்னால், "அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டுவிட்டு டீ போடச் சொல்வார். அதனால் ஊரறிய இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் அண்ணன் கையைப் பிடித்தீர்களே, அதற்கு நன்றிங்க.