ஜன்னலுக்கு வெளியே ஓர் அடிக்குரல்

என் தங்கை லோஸே வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பத்து வயதில் காய்ச்சலோடு போன இடது காதை வென்றாள். அந்தக் காதைக் காரணம் காட்டி ஒருமுறை திருப்பி அனுப்பிய தொழிற்பயிற்சிப் பள்ளியில் மறுவருடமே போய் நின்று இடம் வாங்கினாள், கடைசிவரை படித்தும் முடித்தாள். எங்கள் தீவு நாட்டின் தலைநகரான நுகுஅலோஃபாவில், சந்தைக்கு எதிரே இருக்கும் செமிசியின் பழுதுக்கடையில், அதுவரை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த ஜன்னலோர மேசையைப் பிடித்தாள். உப்புக்காற்றில் துருவேறிச் செத்துப்போன லேப்டாப்கள் பலவற்றுக்கு உயிர் கொடுத்தாள். எங்கள் கோலோவாய் ஊரின் பாடகர் குழுத் தலைவர் ஃபெஹோகோவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையையும் வாங்கினாள். எல்லாவற்றிலும் கடினமானது கடைசியாகச் சொன்ன இதுதான்.

நான் அவளுக்கு மூத்தவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தோட்டத்துக்குப் போனவன். லேப்டாப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். எனக்கு விளங்காத இடங்களை லோஸேயிடம் கேட்டு, அவள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

கண்டதைவிடக் கேட்டதுதான் அதிகம். எங்கள் வீட்டில் பழைய முறை உண்டு. வயது வந்த அண்ணனும் தங்கையும் ஓர் அறையில் ஒன்றாக உட்கார மாட்டார்கள், ஒரே திரையைச் சேர்ந்து பார்க்க மாட்டார்கள். அவள் டிவி பார்த்தால் நான் வெளியே போய்விடுவேன். இப்போது பல வீடுகளில் இதைத் தளர்த்திவிட்டார்கள். நாங்களும் ஒருமுறை தளர்த்திப் பார்த்தோம். அவள் செமிசி கடையில் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டை மேசைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து, அவள் பழுது நீக்கி உயிர் கொடுத்த ஒரு லேப்டாப், அதன் சொந்தக்காரர் பாதியில் நிறுத்தியிருந்த சினிமாவை விட்ட இடத்திலிருந்து ஓட்டத் தொடங்கியது. விட்ட இடம் ஒரு முத்தம். நான் வந்த வழியே திரும்பி மழையில் இறங்கி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். அவள் பின்கதவு வழியாகப் போய்விட்டாள். செமிசி தனியாக உட்கார்ந்து சாப்பாட்டைத் தின்றுகொண்டே படத்தை முடித்தாராம்.

அன்றிலிருந்து நான் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பேன். கண்ணாடிப் பலகைகள் அடுக்கிய ஜன்னல் அது. அவள் உட்காரும்போது வலது பக்கம் வரும், அதனால் நான் பேசுவது அவளுக்கு நன்றாகவே கேட்கும்.

அவள் எத்தனை பழுது நீக்கினாலும் கையெழுத்து செமிசியுடையதுதான். வேலை முடிந்ததும் லேப்டாப்பின் அடிப்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் பெயர் போட்டவர்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. லோஸே அதுவரை ஒன்றில்கூடப் பெயர் போட்டதில்லை. "காது கேட்காத பொண்ணு தொட்ட மிஷின் எனக்கு வேணாம்" என்று ஒரு வியாபாரி கடை நடுவில் நின்று சொல்லிவிட்டுப் போனபின், செமிசிக்கும் மனம் ஆடிவிட்டது.

"லோஸே, நான் உன்ன நம்பறேன். ஆனா ஊரு நம்பணுமே" என்றார். "அடுத்து ஒரு பெரிய மனுஷன் மிஷின் வரட்டும். அத நீயே ஆரம்பத்துலேர்ந்து முடி. குறை இல்லாம போச்சுன்னா மேசை உனக்கு, கையெழுத்தும் உனக்கு. குறை வந்துச்சுன்னா நீ முன்னால போய் ஃபோன் கவர் வித்துக்க. சரியா?"

"சரி முதலாளி" என்றாள்.

அடுத்து வந்த மிஷின் ஃபெஹோகோவுடையது.

ஃபெஹோகோதான் காய்ச்சலுக்குப் பிறகு அவளைச் சிறுவர் பாடகர் வரிசையிலிருந்து எழுப்பி, பின்பெஞ்சில் உட்காரச் சொன்னவர். கெட்ட மனிதர் இல்லை. சுருதி விலகினால் அவருக்குப் பல் கூசும், அவ்வளவுதான். புதுத் தேவாலயக் கூடத்தின் திறப்புக்காக அந்த வருடம் ஒரு பெரிய பாட்டு எழுதியிருந்தார். பக்கத்து ஊர்ப் பாடகர்களும் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. எல்லாருக்கும் தெரியும்படி பாட்டைக் கூடத்தின் சுவரில் பெரிதாகக் காட்டுவது அவர் திட்டம். அந்த வாரம்தான் திறப்பு விருந்துக்கான கிழங்கு மூட்டை ஒன்று லாரியில் சரிந்து, முன்சீட்டில் இருந்த அவருடைய லேப்டாப்பின் மேல் விழுந்தது. ஸ்கிரீன் உடைந்தது, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கும் அடிபட்டது. அவர் அதைக் கடையில் கொடுத்துவிட்டு, கொழுந்தியாளின் சாவுக்கு எவுவா தீவுக்குக் கப்பல் ஏறினார்.

"ஞாயித்துக்கிழமை காலைல என் பாட்டு சுவத்துல தெரியணும்" என்றார் போகும்போது. "யார் பாக்கறா இத?"

"லோஸே" என்றார் செமிசி.

ஃபெஹோகோ அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை திட்டியதைவிட மோசமாக இருந்தது என்று லோஸே பிறகு சொன்னாள்.

அவள் வேறொரு லேப்டாப்பிலிருந்து ஸ்கிரீனை எடுத்து மாட்டினாள். புது டிஸ்க் போட்டு சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றினாள். அடிபட்ட டிஸ்க்கிலிருந்து அவருடைய பாட்டுகளையும் படங்களையும் எடுத்து உள்ளே வைத்தாள். சனிக்கிழமை நான் சாப்பாடு கொண்டுபோனபோது செமிசி கடையை அடைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். சனி மதியத்தோடு ஊர் அடங்கிவிடும். ஞாயிறு எங்கள் நாட்டில் யாரும் வேலை செய்யக்கூடாது, அது சட்டம்.

"முடிஞ்சுதும்மா?" என்று ஜன்னலில் கேட்டேன்.

"வரி கோணலா தெரிஞ்சுது, நேராக்கிட்டேன். இந்த ஸ்கிரீன்ல எழுத்து பெருசா வந்து ஒரு குரலோட வரி இன்னொரு குரலோட வரிக்குக் கீழ விழுந்துடுச்சு. அளவ குறைச்சதும் சரியாயிடுச்சு" என்றாள். "ஆனா மனசு ஒப்பல அண்ணே."

எங்கள் பாட்டுகள் எண்களில் எழுதப்படும். மூன்றிலிருந்து ஒன்பது வரை, எண்ணுக்கு ஒரு சுரம். நாலு குரலுக்கு நாலு வரி, ஒன்றன்கீழ் ஒன்று. அடியில் இருப்பது அடிக்குரல், அது என் வரி.

செமிசியின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "எல்லா நம்பரும் இருக்கு. மூணு இருக்கு, நாலு இருக்கு, அஞ்சு இருக்கு. இன்னும் என்ன வேணும்? வீட்டுல எனக்காகச் சுட்ட பன்னிக்குட்டி காத்திருக்கு." அவர் போகும் சபையில் எண் பார்த்துப் பாடும் வழக்கம் இல்லை. அவர் கண்ணுக்கு அது எண்களாகத்தான் தெரியும்.

"அண்ணே, உன் வரி உனக்கு மனப்பாடம்தானே?"

"தூக்கத்துல கேட்டாலும் பாடுவேன்."

"அப்ப இப்ப பாடு."

"இங்கயா? ரோட்டுலயா?"

"உள்ள வந்து பாடறியா?"

நான் ஜன்னல் பக்கம் முகம் திருப்பி நின்று பாடத் தொடங்கினேன். தனி அடிக்குரலைக் கேட்க அழகாக இருக்காது. தூண் மட்டும் நிற்கும் வீடு மாதிரி இருக்கும். எதிரே டாக்ஸிக்காரர்கள் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார்கள்.

"என்னய்யா, சுவத்தப் பாத்துப் பாடறே? சுவத்துக்கு மோட்சம் கெடைக்கட்டும்னா?"

"பொண்ணு கேக்க வந்திருப்பான்டா. உள்ளேர்ந்து தண்ணி ஊத்தப் போறாங்க பாரு."

"டேய், உள்ள இருக்கறது அவன் தங்கச்சி. வாய மூடு."

அதோடு அவர்கள் அடங்கினார்கள். சகோதரியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் கேலி பேச மாட்டார்கள். நான் தொடர்ந்தேன். இரண்டாம் பகுதியின் நடுவில், மற்றக் குரல்கள் ஏறும்போது அடிக்குரல் மட்டும் அரைப்படி இறங்கும் ஓர் இடம் உண்டு. அதைத் தாண்டியதும் லோஸே நிறுத்தினாள்.

"திரும்பப் பாடு, அந்த எடம் மட்டும்."

பாடினேன்.

"நீ எறங்கறே. இங்க எறங்கச் சொல்லல."

"எறங்கணும்மா. ஃபெஹோகோ அந்த எடத்துல எங்கள எத்தன தடவ திட்டியிருக்காரு. எறங்காதவன் பேர சொல்லியே திட்டினாரு."

"உங்கண்ணன்தான் தப்பா பாடறாரு" என்றார் செமிசி. "பாட்டு சரியாத்தான் இருக்கு. மூடு அத."

பிறகு அவள் செய்ததை அவள் வாயாலேயே கேட்டு எழுதுகிறேன். சுரம் அரைப்படி ஏறினாலோ இறங்கினாலோ அந்த எண்ணின் குறுக்கே ஒரு கோடு போடுவோம். அவள் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். ஓர் எண்ணின் மேலும் கோடு இல்லை. ஃபெஹோகோ கோடில்லாமல் ஒரு பக்கம்கூட எழுத மாட்டார். ஒருவேளை இந்தப் பாட்டை அப்படித்தான் எழுதினாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது. உடனே அவருடைய பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைத் திறந்தாள். வரிசையிலிருந்து எழுப்பப்படுவதற்கு முன் அவளே பாடிய பாட்டு அது. எந்த எண்ணில் கோடு வரும் என்று அவளுக்குத் தெரியும். அங்கேயும் கோடு இல்லை.

"முதலாளி, அண்ணன் சரியாத்தான் பாடறாரு. கோடு போட்ட நம்பர காட்டறதுக்குன்னு தனி ஃபான்ட் வச்சிருந்திருக்காரு. நான் பாட்ட மட்டும் எடுத்தேன், ஃபான்ட எடுக்கல. புது சிஸ்டத்துல அது இல்ல. இது தன்கிட்ட இருக்கற நம்பர போட்டு நிரப்பிடுச்சு."

"அப்ப குறைதானே?"

"குறைதான். என் குறைதான்."

செமிசி கடைச் சாவியை மேசைமேல் வைத்தார். "பன்னிக்குட்டி ஆறட்டும்" என்றார்.

அந்த ஃபான்ட் இருந்த ஒரே இடம் அடிபட்ட பழைய டிஸ்க். ஒருமுறை சுழல வைத்ததே பெரிய காரியம், மறுமுறை வைத்தால் அதோடு நின்றுவிடலாம். நின்றுவிட்டால் ஃபெஹோகோ அத்தனை வருடங்களாக எழுதிய எல்லாப் பாட்டிலும் கோடுகள் போய்விடும். லோஸே அதை மறுபடி இணைத்து, அதன்மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டாள். டிஸ்க் தடுமாறும்போது ஒரு சின்ன தட்டல் சத்தம் வரும். அவ்வளவு சின்னச் சத்தம் அவளுடைய ஒற்றைக் காதில் விழாது, ஆனால் விரலில் தெரியும். தட்டல் வந்தபோதெல்லாம் உடனே நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினாள்.

எனக்குத் தெரிந்தது ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தான். சந்தை காலியானது. டாக்ஸிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். நான் கொண்டுபோன மரவள்ளிக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் இலைப் பொட்டலத்துக்குள் ஆறிப்போயின. இந்த மேசை போனால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்தேன். ஃபோன் கவர் விற்பாள், சிரித்த முகமாக விற்பாள், வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே."

"சொல்லும்மா."

"அந்த எடத்துலேர்ந்து பாடு."

பாடினேன். அரைப்படி இறங்கினேன்.

"கோடு இருக்கு" என்றாள். அவள் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

அதோடும் அவள் எழுந்திருக்கவில்லை. கடையில் இருந்த டிவியை வயரால் லேப்டாப்போடு சேர்த்துப் பார்த்தாள். டிவியில் வெறும் நீலம். புது சிஸ்டம் வெளித்திரையைத் தனியாக வைத்திருந்தது. பாட்டு லேப்டாப்பிலேயே நின்றுவிட்டது. இரண்டிலும் ஒன்றே தெரியும்படி மாற்றி, அணைத்து, மறுபடி போட்டு, அப்படியே நிற்கிறதா என்று உறுதி செய்தாள். பிறகுதான் பையில் வைத்தாள். ஸ்டிக்கரை ஒட்டிய செமிசி, அதில் பெயர் எழுதாமல் விட்டார். "நாளைக்குப் பாட்டு ஒழுங்கா வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். சாயங்காலக் கப்பலில் வந்த ஃபெஹோகோவின் கையில் நானே பையைக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை கூடம் நிறைந்திருந்தது. கோவிலுக்குப் போகும்போது எங்கள் ஆண்கள் மரியாதைக்காகக் கட்டும் பாயை இடுப்பில் சுற்றி, நான் அடிக்குரல் வரிசையில் நின்றேன். லோஸே பெண்கள் பக்கம், தன் பழைய பின்பெஞ்சில் இருந்தாள். சுவரில் வெளிச்சம் விழுந்தது. நாலு வரிகளும் நேராக வந்து நின்றன. இரண்டாம் பகுதியின் நடுவில், குறுக்கே கோடு விழுந்த அந்த எண் பெரிதாகத் தெரிந்தது. மற்றக் குரல்கள் ஏறின. எந்த ஊர்க்காரனும் தடுமாறாமல் நாங்கள் எல்லாரும் சேர்ந்து இறங்கினோம். காலடியில் தரை அதிர்ந்தது.

நான் திரும்பி லோஸேயைப் பார்த்தேன். அவள் பாடகர்களைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையைப் பெஞ்சின் மரத்தின்மேல் விரித்து வைத்திருந்தாள். நானும் சுவரைப் பார்த்தேன். பெரியவர்களான பிறகு நாங்கள் இருவரும் ஒரே திரையைச் சேர்ந்து பார்த்தது அன்றுதான். ஊரே பார்த்ததால் அதில் குறை சொல்ல யாருமில்லை.

மறுநாள் காலை ஃபெஹோகோ லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நான் ஜன்னலில் நின்றேன்.

"என்ன, மறுபடி மக்கர் பண்ணுதா?" என்றார் செமிசி.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. அடியில ஸ்டிக்கர் காலியா இருக்கு. நாளைக்கு இது கெட்டா நான் யார தேடி வர்றது?"

"என்னத் தேடி வாங்க."

"ஒன்ன ஏன் தேடி வர்றேன்? ஒனக்கு மூணுக்கும் நாலுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு தெரியுமா?" என்றார் ஃபெஹோகோ. பிறகு லோஸேயின் வலது பக்கம் வந்து நின்று, அவளுக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். "ஒரு கோடு கூட விட்டுப்போகலம்மா. நான் எல்லாத்தையும் பாத்தேன்."

செமிசி பேனாவை மேசைமேல் உருட்டிவிட்டார். அது கீழே விழுவதற்குள் அவள் பிடித்துவிட்டாள். லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, ஸ்டிக்கரில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் ஏறிக்கொண்டது.

அன்று 2019 ஜூன் 10, திங்கட்கிழமை.